இரவல் காயம்

எங்கள் இல்லத்தில் குடிநோயாளி எவரையும் பார்த்து ‘ஏன் குடித்தாய்?’ என்று கேட்கக் கூடாது. ‘உனக்கு என்ன நடந்தது?’ என்றுதான் கேட்க வேண்டும். இரண்டாவது விதி, அவர் சொல்லும் பதிலைச் சந்தேகிக்கக் கூடாது. பாளையங்கோட்டை புதுவாசல் இல்லத்தில் நான் ஆலோசகராகச் சேர்ந்த அன்று, டாக்டர் நவமணி இந்த இரண்டையும் என் கையாலேயே எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார். பதினான்கு ஆண்டுகளாக நான் இவற்றை மீறியதில்லை. நல்ல விதிகள். அவற்றால் பிழைத்தவர்களை ஞாயிறுதோறும் கோயிலில் பார்க்கிறேன்.

பிறகு வேர்மானி வந்தது.

பார்ப்பதற்குத் தலைக்கவசம் போல இருக்கும். நோயாளி அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுவோம். வீடு, பள்ளிக்கூடம், அம்மா, அப்பா, தண்ணீர், நெருப்பு. எந்தச் சொல்லுக்கு உடம்பு பழைய பயத்தில் துள்ளுகிறதோ, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கருவி உள்ளே இறங்கும். அரைமணி நேரத்தில் ஒரு தாள் வரும். ‘ஆறு வயது. நெருப்பு. பெண்.’ அவ்வளவுதான். குடிக்கு அடியில் கிடக்கும் காயத்தின் வேர் அது. வேர் தெரிந்தவர்களுக்கு அரசுத் திட்டத்தில் மூன்று மாதப் படுக்கையும் ‘தளர்த்தல்’ என்ற சிகிச்சையும் உண்டு. வேர் இல்லாதவர்களுக்கு ஐந்து நாள் குளுக்கோஸ், சத்து ஊசி, அப்புறம் வீடு.

நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு வேர் இருக்காது. தவசிங் அப்படி ஒருவன்.

முப்பத்தெட்டு வயது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். இரத்த வாந்தி எடுத்து, மூன்றாவது முறையாக எங்களிடம் வந்திருந்தான்.

“நல்லாப் பாருங்கக்கா. மெஷின்ல தூசி கீசி இருக்கும்.”

“மூணு தடவை பாத்தாச்சு தவசிங்.”

“எங்கம்மை சாகும்போது எனக்குப் பன்னண்டு வயசு. அது வரலையா?”

“வந்துச்சு. அது துக்கமாம். காயம் இல்லையாம்.”

அவன் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கும் என்பது போல. “எங்கப்பா என்னை ஒரு அடி அடிச்சதில்லக்கா. ஒரு தடவையாவது அடிச்சிருக்கலாம் அந்த மனுசன். இப்பம் உதவியிருக்கும்” என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “அப்பம் நான் சும்மாவே கெட்டவனாக்கா?”

இல்லை என்றேன். எதை வைத்து இல்லை என்று அவன் கேட்கவில்லை.

காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் காயத்தைச் சொல்வது எங்கள் வழக்கம். தவசிங்கின் முறை வந்தபோது, “எனக்கு ஒண்ணும் இல்ல” என்றான்.

“இவனுக்கு ஊறுகா சரியில்லாம போச்சு. அதான் காயம்” என்றார் பக்கத்துப் படுக்கைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். தவசிங்கும் சிரித்தான். அன்று அவன் டீ குடிக்கவில்லை.

பார்வையாளர் நேரத்தில் அவனுடைய அப்பா பொன்னையா கஞ்சிப் பாத்திரத்தோடு வருவார். முப்பது வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். இப்போது பேத்தி ஷைனியை மட்டும் ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார். ஏழு வயதுச் சிறுமி. தாத்தாவின் சட்டைப் பையில் கைவிட்டுக்கொண்டேதான் நடப்பாள்.

“எம்மா, அவனுக்குக் காயமே இல்லன்னு மெஷின் சொல்லிட்டாம்லா” என்றார் என்னிடம். முகம் மலர்ந்திருந்தது. “அது நல்ல சேதிதானம்மா?”

நான் கஞ்சிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மாலையில் டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

“ஈரல் முக்காவாசி போயாச்சு பியூலா” என்றார் அவர். “வெளிய போய் ஒரு மாசம் குடிச்சா ஆள் இருக்க மாட்டான். தெரியும். ஆனா வேர் இல்லாதவனைப் படுக்க வச்சா, சோதனைக்கு வாரவங்க அந்தப் படுக்கையையே எடுத்துருவாங்க. அப்பம் காயம் உள்ள ஒருத்தன் வெளிய நிப்பான்.”

“காயம் இல்லாதவன் சாகலாமா டாக்டர்?”

“நான் சட்டம் போடலம்மா.” அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “முன்ன எல்லாக் குடிகாரனையும் கெட்டவன்னு சொன்னோம். இந்த மெஷின் வந்து நூத்துல தொண்ணூத்தேழு பேரைக் காப்பாத்திருக்கு. மீதிப் பேரை என்ன சொல்லன்னுதான் யாருக்கும் தெரியல.”

ஐந்தாம் நாள் ஒருமுறை மறுசோதனை செய்ய விதியில் இடம் உண்டு. அதற்கு மூன்று நாள் இருந்தது. அன்று வெகுநேரம் ஜெபித்தேன். என்னிடம் ஒரு காயம் இருந்தது. அவனிடம் இல்லை. இருப்பவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதானே சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். ஆண்டவர் தடுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அவர் பேசுவதற்கு நான் இடம் விட்டேனா என்பது வேறு கேள்வி.

மூன்று மதியங்கள், ஆலோசனை அறையில் கதவைச் சாத்திவிட்டு, தவசிங்குக்கு என் காயத்தைக் கற்றுக்கொடுத்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மே மாதம். குழாயை மூட மறந்துவிட்டேன். மாடித் தொட்டியில் இருந்த தண்ணீர் முழுவதும் வீணாகிவிட்டது. தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்திருந்த காலம். அப்பா என்னை மாடிக்குத் தூக்கிப்போய், காலியான கருப்புத் தொட்டிக்குள் இறக்கி, மூடியைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். “தண்ணியோட அருமை உள்ள இருந்தா தெரியும்” என்றார். உச்சி வெயில். பிளாஸ்டிக் கொதித்தது. அவருடைய குதிகால் தொட்டியின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருந்தது, பாட்டுக்குத் தாளம் போடுவது போல. பீடி வாசனை மூடி இடுக்கு வழியாக வந்தது. கோயிலில் சாயங்கால மணி அடித்தபோதுதான் எழுந்தார். அவர் அன்று குடித்திருக்கவில்லை. அதை இன்றுவரை என்னால் எதிலும் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

“மூச்ச இழுத்தா நெஞ்சு சுடும். சுவத்துல கை வைக்க முடியாது. நீ அதுக்குள்ள இருக்க. சொல்லு.”

“சுடுது” என்றான் தவசிங்.

“இன்னொரு தடவை.”

இரண்டாம் நாள் அவன் வியர்த்தான். மூன்றாம் நாள், நான் மேசையை விரல் முட்டியால் தட்டத் தொடங்கியதும் எழுந்து சுவரோரம் ஒதுங்கினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்படுகிறேன், ஆனாலும் இருந்தது.

“யார்ன்னு கேட்டா, எதுத்த வீட்டுல இருந்து செத்துப்போன ஒருத்தர்னு சொல்லணும், கேட்டியா?”

“சரிக்கா.”

மறுசோதனையில் கருவி அவனிடம் பெயர் கேட்கவில்லை. உடம்பைத்தான் கேட்டது. மூன்று மதியமும் நான் அழுதுகொண்டே ‘எங்கப்பா, எங்கப்பா’ என்றுதான் சொல்லியிருந்தேன். அவன் உடம்பு அதைத்தான் கற்றிருந்தது. தாள் வந்தது. ‘ஒன்பது வயது. மூடிய இடம். வெப்பம். அப்பா.’

டாக்டர் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. “வேர் ரொம்ப ஆழத்துல இருந்திருக்கு பியூலா. அந்தப் பெரியவரைப் பாத்தா அப்படித் தெரியல, என்ன?”

“அவர் பேர் எங்கயும் பதிவாகுமா டாக்டர்?”

“அவராச் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான். போட்டா, பதினாலு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க பக்கத்துல அப்புறம் அவர் போக முடியாது. போடாட்டி ஒண்ணுமில்ல.”

அப்பாடா என்றிருந்தது. தவசிங்குக்குப் படுக்கை கிடைத்துவிட்டது. அன்று ஷைனிக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

தளர்த்தல் என்பது இதுதான்: காயத்தை நினைக்கச் சொல்லி, அந்த நேரத்தில் கருவி பயத்தை மெதுவாகக் கழற்றும். ‘நினைவு திறந்திருக்கும்போது ஈர சிமெண்டு மாதிரி. அப்பம் எதை அழுத்துதோமோ அது இறுகிரும்’ என்று டாக்டர் பயிற்சிக்கு வருபவர்களிடம் சொல்வார். எனக்கு அது மனப்பாடம். பொய்யும் அப்படியே இறுகும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்கள் விதிப்படி பொய்க் காயம் என்ற ஒன்றே கிடையாது.

ஆறாவது வாரத்தில் தவசிங்கின் கன்னத்தில் சதை வைத்திருந்தது. கை நடுக்கம் நின்றிருந்தது. ஒரு சனிக்கிழமை, பார்வையாளர் நேரத்தில் என்னிடம் வந்தான்.

“அந்தாள இனிமே உள்ள விடாதீய.”

“எந்தாள?”

“என்னைத் தொட்டில போட்டு மூடினவன.”

மறுநாள் வட்டத்தில் அவன் பேசினான். தொட்டிக்குப் பக்கத்தில் முருங்கைக் கிளை சாய்ந்திருந்ததாம். மூடியில் நீல டேப் ஒட்டியிருந்ததாம். அப்பா காக்கிச் சட்டை போட்டிருந்தாராம். முருங்கையும் டேப்பும் காக்கிச் சட்டையும் நான் கொடுத்தவை அல்ல. அவன் வீட்டில் உண்மையாகவே இருந்தவை. ஊறுகாய் என்று கேலி செய்தவர் எழுந்துபோய் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மட்டும் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

அன்றே அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“தவசிங், அது எனக்கு நடந்தது. நான் சொல்லிக் குடுத்தது. இந்த ரூம்லதான். ஞாபகம் இருக்கா?”

அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். “நீங்க எனக்கு ஞாபகப்படுத்திக் குடுத்தீய. அதுக்கு முன்னால மறந்து போயிருந்தேம்லா.”

“இல்ல. உங்கப்பா உன்னை அடிச்சதே இல்லன்னு நீயே சொன்ன.”

“அடிக்கலதான். அடிச்சிருந்தாத் தழும்பு இருக்கும்லா.” பிறகு அவன் குரல் மாறியது. “அந்தாள் உங்ககிட்ட வந்து பேசினானா? அழுதானா? நல்லா அழுவான். நீங்கதானக்கா சொன்னீய, நோயாளி சொல்லுதத நம்பணும்னு? எனக்கு மட்டும் அந்த விதி கிடையாதா?”

டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இதை நான் எழுதினா, குடும்பத்தோட நெருக்கடிக்கு ஆலோசகர் இணங்கிட்டார்னுதான் மேல உள்ளவங்க எடுத்துக்குவாங்க” என்றார். “சட்டமே அப்படித்தான் இருக்கு. காயம் பட்டவன் பேச்சை யாரும் மாத்திரக் கூடாதுன்னு கஷ்டப்பட்டு வாங்கின சட்டம். உன் வேலை போகும். அவன் படுக்கையும் போகும். அந்தப் பெரியவருக்கு ஒண்ணும் திரும்பி வராது.”

ஒன்பதாவது வாரம் தவசிங்கை இரண்டு நாள் விடுமுறையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மதியமே அப்பாவிடம் போய், “ஏன் செஞ்சீரு? அதை மட்டும் சொல்லும்” என்று கேட்டிருக்கிறான். பொன்னையா ஒன்றும் புரியாமல், “நான் எதுவும் செய்யலய்யா, ஆண்டவர் மேல ஆணை” என்றிருக்கிறார். மூன்று முறை கேட்டானாம். மூன்று முறையும் அதே பதில். நான்கு மணிக்குக் கடைக்குப் போயிருக்கிறான். மறுநாள் ஆம்புலன்ஸில் வந்தான்.

“செஞ்சவன் ஒத்துக்கிட்டாத்தான் காயம் மூடும்” என்றார் டாக்டர், என்னைப் பார்க்காமல். “இல்லாட்டித் திரும்பத் திரும்பப் போய்க் கேப்பான். இன்னொரு தடவைக்கு அந்த உடம்புல இடம் இல்ல.”

பொன்னையாவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஷைனியின் ஸ்கூல் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பாலிஷ் கையோடு எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அப்பம் அவனுக்கு நெசம்மாவே ஒண்ணும் நடக்கல” என்றார்.

“இல்லய்யா.”

“ஸ்தோத்திரம்” என்றார். உண்மையாகவே அதற்குத்தான் முதலில் நன்றி சொன்னார். “அவன் வந்து கேட்டதுல இருந்து ராத்திரி முழுக்க யோசிச்சுக்கிட்டே கெடந்தேம்மா. நான் செஞ்சு மறந்துட்டனோன்னு.”

“என்னை மன்னிச்சிருங்கய்யா.”

அவர் ஒரு ஷூவை முடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

“நான் செஞ்சேன்னு சொன்னா அவன் குடிக்க மாட்டானா?”

“டாக்டர் அப்படித்தான் சொல்லுதாரு. ஆனா கையெழுத்துப் போடணும். போட்டா ஷைனி…”

“தெரியும். இல்லத்துல குடுத்த தாள மருமவ படிச்சுச் சொன்னா.” கொஞ்ச நேரம் ஷூவின் முனையையே தேய்த்தார். “அவளுக்கு அப்பன் வேணும்லா. தாத்தாவுக்கு என்ன, எப்படியும் பத்து வருசத்துல போறவன்தான.”

“வேண்டாம்ய்யா. நான் போலீஸ்ல போய்ச் சொல்லுதேன்.”

“சொல்லி? அவன் நம்புவானா?”

கீழே கிடந்த பாலிஷ் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“நம்ப மாட்டான். சின்னதுலயே அப்படி. ஒண்ணப் பிடிச்சா விட மாட்டான், சவத்து மூதி” என்றார். அந்த வசவில் இருந்த செல்லத்தை நான் யாரிடமும் கேட்டதில்லை. பிறகு தலையைத் தூக்கினார். “சொல்லும்மா. நான் என்ன செஞ்சேன்? மொதல்ல இருந்து சொல்லு. தப்பாச் சொல்லிரக் கூடாதுல்லா.”

சொன்னேன். தவசிங்குக்குச் சொன்ன அதே கதையை. அவர் வாய் அசைய அசையக் கேட்டுக்கொண்டார். நடுவில் ஒருமுறை, “எம்மா, நான் பீடி குடிக்கதில்லையே, அவனுக்குத் தெரியுமே” என்றார். வேனில் கூட வந்தவர் யாராவது குடித்திருப்பார் என்று சொல்லலாமா என்று யோசித்து, பிறகு, “வேண்டாம், ஒளிச்சுக் குடிச்சேன்னு சொல்லிருதேன்” என்றார்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவர்களைச் சந்திக்க வைத்தோம். நடுவில் மேசை. ஆலோசகர் என்பதால் நான் சுவரோரம் மூன்றாவது நாற்காலியில் இருந்தேன். தவசிங் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொன்னையா வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாகச் சொன்னார். குழாய், தொட்டி, மூடி, குதிகால், ஒளித்துக் குடித்த பீடி. பாடம் ஒப்பிக்கும் சிறுவனைப் போல விரலை மடக்கிக்கொண்டே வந்தார். எல்லாம் சொல்லி முடித்தார், வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

“உள்ள இருந்து நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு” என்றார். “கேக்கலன்னு நீ நெனச்சிருப்ப. கேட்டுச்சு. கேட்டும் நான் எந்திரிக்கல. உன் மேல தப்பு ஒண்ணும் இல்ல. பிள்ளைனா குழாயத் தொறந்து போடத்தான் செய்யும். நான்தான் தப்பு. என்னை மன்னிச்சிரு.”

அதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. கடைசி ஆறு மாதம் நான்தான் அவருக்குச் சோறு ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் இதைச் சொல்வாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பொன்னையா மகனிடம்தான் பேசினார். ஆனால் ‘மன்னிச்சிரு’ என்றபோது, ஒரு நொடி, அவர் கண் சுவரோரம் வந்து போனது.

“நீங்க ஏங்கக்கா அழுதீய?” என்றான் தவசிங். பிறகு அப்பாவிடம், “இனிமே ஷைனி பக்கத்துல வராதீரு” என்றான். அவ்வளவுதான் சொன்னான். மன்னித்ததாகச் சொல்லவில்லை. பொன்னையா பேனாவை வாங்கி, டாக்டர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.

அவர் இப்போது சமாதானபுரத்தில் ஒற்றை அறையில் இருக்கிறார். ஷைனியைப் பக்கத்து வீட்டு ஆட்டோ பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறது. தாத்தா ஏன் வருவதில்லை என்று அவளுக்கு என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. கோயிலில் அவர் கடைசி வரிசையில் உட்காருவார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வெளியே வரும் நேரத்துக்கு எழுந்து கேட்டுக்கு வெளியே போய்விடுவார். ஊருக்குத் தெரியும், யாரும் அவரோடு நிற்பதில்லை. நான் போய் நிற்பேன். என்னால் கொடுக்க முடிந்தது இனி அதுதான்.

ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வி. “எம்மா, அவன் குடிக்கலல்லா?”

“இல்லய்யா.”

பதினோரு மாதம் அது உண்மையாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை தவசிங்கைத் தூக்கி வந்தார்கள். வயிறு வீங்கி, கண் மஞ்சளாக. டாக்டர் வேர்மானியை மாட்டிப் பார்த்தார். தொட்டி ஆறியிருந்தது. அப்பா ஆறியிருந்தார். தாளில் ‘வேர் இல்லை’ என்று வந்தது.

“என்ன நடந்துச்சு தவசிங்?” என்று கேட்டேன். எங்கள் விதிப்படிதான் கேட்டேன்.

“ஒண்ணும் நடக்கலக்கா” என்றான். பேச்சு இழுத்தது. “பட்டறை விட்டு வந்தேன். நல்ல நாளுதான். சாயங்காலம் ஆச்சு. தாகமா இருந்துச்சு.”

சனிக்கிழமை அவனுக்கு நினைவு தப்பியது. அவன் மனைவி மெர்சி ஷைனியைக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போனாள். பெரியவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும், ஷைனி வந்துபோகும் இடத்துக்கு அவர் வர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கேட்டுக்கு வெளியே அவர் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“எம்மா, அவன் குடிக்கலல்லா?”

“இல்லய்யா” என்றேன்.

“ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்துக்கொண்டார்.